வெள்ளைக் கோடு சோத்துக்கைப் பக்கம்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்புள்ள தங்கச்சி ஸுஹைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ராத்தா ஹாஜறா எழுதுவது. நானும் மகள் சிபானாவும் பேரப்பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். மாப்பிள்ளை அஸ்கியும் சுகம். அவருடைய இரண்டு புருவங்களில் ஒன்று முழுச் சுகம், மற்றதைப் பற்றிப் பின்னுக்கு எழுதுகிறேன். நீயும் இப்றாஹிம் மச்சானும் ஹஜ்ஜுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டு நல்லபடி இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் முழங்கால் நோவு எப்படி? எனக்கும் நோவுதான், ஆனால் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவதில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் கதைத்தால் நான் ஒரு சொல் சொல்ல முந்தி நீ ஒன்பது சொல் சொல்லிவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதை உன் வீட்டில் எல்லாருக்கும் சத்தமாகப் போட்டுக் காட்டுவாய், உன் மகள்மார் என் கரகரத்த தொண்டையைக் கேட்டுச் சிரிப்பார்கள். கடிதத்துக்குள் நீ இடையில் பூர ஏலாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும், பொறுத்து வாசி. ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றேன் என்றும் உனக்குத் தெரியும். நீ பிறந்தாய், உன் ஏணையை ஆட்ட ஆள் இல்லை என்று உம்மா என்னை நிற்பாட்டினா. அதை எழுத நான் இந்தத் தாளை எடுக்கவில்லை, கை தானாக எழுதிவிட்டது.

நீ சொல்லியனுப்பின சேதி கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போக முந்தி சனிக்கிழமை வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று சிபானா சொன்னாள். நல்ல விஷயம். சொந்தபந்தத்தின் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க" என்று கேட்டுவிட்டுப் போவதுதான் நம்மட வழக்கம். ஆனால் ஸுஹைறா, தெரிந்தோ தெரியாமலோ என்று ஒரே பொட்டலமாகக் கட்டிக் கேட்டுத் தப்ப என்னிடம் ஏலாது. நீ செய்தது எல்லாம் தெரிந்தே செய்தது. சூறாவளி வந்த வருஷம் என் அவர் எனக்குக் கலியாணத்துக்கு வாங்கித் தந்த பூப்போட்ட குடையை ஒருநாளைக்கு என்று இரவல் கேட்டாய், பிறகு காற்று கொண்டு போயிற்று என்றாய். காற்று அதை ஒலுவிலில் உன் கூட்டாளி வீட்டு ஆணியில் கொண்டுபோய் அழகாகக் கொழுவி வைத்திருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

அடுத்தது டிவி. மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெரிய பிளாஸ்மா டிவியை, நீங்கள் புதிதாக மெல்லிசு டிவி வாங்கினவுடன் எங்களுக்குத் தந்தாய். தந்தது சந்தோஷம். தந்த அன்றைக்குச் சபை நிறைய ஆட்கள் இருக்க, "எங்களுக்கு இது பழசு, ராத்தாக்கு இது காணும்" என்றாயே, பழசே எனக்குப் போதும் என்கிற அந்தக் 'காணும்' இன்றைக்கும் என் காதில் டிவியைவிடச் சத்தமாகக் கேட்கிறது. அதனால்தான் அதை நான் தங்கம் மாதிரி வைத்திருந்தேன். இடி மின்னல் என்றால் முதலில் டிவியின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் காய்ந்த உடுப்பை எடுப்பேன். நீ சனிக்கிழமை வாசலில் கால் வைக்கும்போது டிவி உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், உனக்குப் பழசானது என் வீட்டில் இன்னும் பழசாகவில்லை என்று நீ காண வேண்டும், அதற்குப் பிறகு நீ மன்னிப்புக் கேட்க வேண்டும். இதுதான் என் யோசனை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. சிபானாவின் கலியாணத்தன்று மாப்பிள்ளை கைகழுவக் கையை நீட்டினபோது நீ என்ன சொன்னாய்? "இதென்ன புள்ள, மாப்பிளைட விரல் பொம்புளப்புள்ளட விரல் மாதிரி இரிக்கி, இந்தக் கை ஒரு ஆணி அடிக்குமா?" மெதுவாகச் சொன்னதாக நீ நினைத்தாய். உனக்கு மெதுவாகக் கதைக்க எப்போது தெரிந்தது? மாப்பிள்ளைக்குக் கேட்டது. அவர் நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறவர், பேனை பிடிக்கிற கை வேறு எப்படி இருக்கும்? அன்றையிலிருந்து அந்த மனிசன் இந்த வீட்டில் ஆணி என்ற சொல்லைக் கேட்டாலே கையை இடுப்பில் உடுத்த சாரத்துக்குள் ஒளிப்பார். ஒரு பல்ப் மாற்ற வேண்டுமென்றாலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாற்றுவார்.

இப்போது நடந்ததைக் கேள். அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பது நம்மட குடும்பத்தில் இல்லை என்பது உனக்குத் தெரியும். உம்மா கண் மூடும் வரைக்கும் உன் மாப்பிள்ளையோடு கதைக்காமலே மௌத்தானா. இப்போதைய மாமிமார் மருமகனோடு செல்பி எடுக்கிறார்கள், எடுக்கட்டும். நான் இவ்வளவு காலமும் அஸ்கியோடு ஒரு சொல் நேரே கதைத்ததில்லை. "சிபானா, மாப்பிளைக்குச் சோறு ஆறுதெண்டு சொல்லு" என்பேன், அவர் "மாமிட்ட வாறனெண்டு சொல்லு" என்பார், சிபானா நடுவில் தபால்காரி. அவர் ஹோலில் இருந்தால் நான் ஹோலுக்குப் போக மாட்டேன். அப்படியென்றால் டிவி எப்படிப் பார்ப்பது? என் அறையில் நிற்கிற அலுமாரியின் கதவில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஹோலும் டிவியும் அதற்குள் அப்படியே விழும். நான் கட்டிலில் இருந்தபடி இவ்வளவு வருஷமும் கண்ணாடிக்குள்தான் டிவி பார்த்தேன். எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும் என்று பேத்தி சொல்லுவாள். எழுத்து நேராகத் தெரிந்தாலும் எனக்குப் பெரிய இலாபம் இல்லை. நான் டிவி பைத்தியம் பிடித்தவளும் இல்லை, செய்தி, நோன்பு நாளில் பாங்கு, பின்னேரம் ஒரு நாடகம், அதுவும் அந்த நாடகத்தில் மாமியார் கெட்டவள் என்பதால் அவளுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க.

போன கிழமை செய்தி நேரம் டிவிக்குள் 'டக்' என்றது. திரை கறுத்துப் போனது. கீழே சிவப்புப் பொட்டு மட்டும் கண் சிமிட்டியது. மறுபடி போட்டால் மறுபடியும் டக், டக், பல்லி சொல்கிற மாதிரி. முதுகில் தட்டினால் வேலை செய்யும் என்று நீதான் சொல்லித் தந்தாய், சிபானா தட்டினாள், மேலே இருந்த பூச்சாடி விழுந்ததுதான் கண்ட மிச்சம். எங்கள் பூனைக்குத்தான் பெரிய கவலை. உன் டிவி அடுப்பு மாதிரிச் சூடு விடும், மாரியிலும் கோடையிலும் அதற்கு முன்னால்தான் பூனை படுக்கும். அது வந்து திரையை மணந்து பார்த்துவிட்டு, மையத்து வீட்டில் இருக்கிற மாதிரி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

சிபானா சொன்னாள், "பாண்டிருப்பில குணத்தாரிட கடைக்குக் குடுப்பமே." மாப்பிள்ளை, "என்னத்துக்கு? நான் திருத்துறன்" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?" "போன்ல எல்லாம் இரிக்கி. ஒரு ஆள் முழுக்கக் கழட்டிக் காட்டுறான்." "அவன் கடை வெச்சிரிக்கிறவனா இருப்பான்." "அவனும் ஒருநாள் முதமுதலாக் கழட்டினவன்தானே." பிறகு குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. "இஞ்ச பாரு, சனிக்கிழமை உங்கட சாச்சி வாறா. அவ வரக்குள்ள இந்த டிவி ஓடோணும். ஆரு திருத்தினதெண்டு நீ சொல்லு. நான் சொல்லமாட்டன்." பார்த்தாயா, ஸுஹைறா? ஒரு ஆணிக் கதையை அந்த மனிசன் இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்தார். பழசை வைத்திருக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்றைக்குத்தான் இவர் நம்மட ஆள் என்று நினைத்தேன்.

வேண்டாம் என்று யார் சொல்வது? மாப்பிள்ளை உப்புக் கூடின கறியை நல்லா இருக்கு என்றால் நாங்களும் நல்லா இருக்கு என்று தின்கிற வீடு இது. பாயை விரித்து, அதன்மேல் என் நல்ல போர்வையை விரித்து, டிவியைப் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைக்கிற மாதிரி மெல்லமாகக் குப்புறக் கிடத்தினார்கள். முதுகு முழுக்க ஆணி. நீளம், கட்டை, கறுப்பு, வெள்ளை என்று வந்துகொண்டே இருந்தது. அதைப் போட சிபானா ஒரு பீங்கானைக் கொடுத்தாள். அதில் வறுத்த கச்சான்கொட்டை கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை செய்யும்போது எதையாவது கொறிக்க வேண்டும், கண் போனில், கை பீங்கானில், கொஞ்ச நேரத்தில் 'கிடுக்' என்று ஒரு சத்தம் கண்ணாடி வரைக்கும் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆணியைத் துப்பினார், சாரத்தில் துடைத்தார், திரும்பவும் பீங்கானிலேயே போட்டார்.

மூடியைத் தூக்கினால் உள்ளே நம்மட கடற்காற்று கொண்டுவந்த உப்பும் தூசியும் கம்பளி மாதிரி. இரண்டு பல்லி வாப்பாவும் மகனும் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்து கிடந்தன. தூசிக்குள் பச்சைத் தகடுகள். நீ பிளேனில் ஏறினபிறகு ஜன்னலால் பார்த்தால் ஊர் எப்படித் தெரியுமோ அப்படி, சின்னச் சின்ன வீடு, ரோடு, நடுவில் தண்ணீர்த் தாங்கி மாதிரி உருளைகள். அந்த உருளைக்குப் பெயர் கெப்பாசிட்டர். அதில் இரண்டின் தலை, சோறு பொங்கி மூடியைத் தள்ளுகிற மாதிரி வீங்கியிருந்தது. "இதுதான் வருத்தம்" என்றார் மாப்பிள்ளை, நோயைக் கண்டுபிடித்த டொக்டர் மாதிரி. சிபானா கை வைக்கப் போனாள். "தொடாத! வயரைக் கழட்டினாலும் இதுக்குள்ள கறண்ட் கிடக்கும். ஒண்டும் இல்லாத மாதிரிச் சும்மா இரிக்கும். கிட்டப் போனா அடிக்கும்." என் அறைக் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "உங்கட உம்மா மாதிரி."

நான் கண்ணாடிக்குள் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஒரு பழைய பல்ப்பை வயரில் கட்டி அந்தத் தகட்டில் தொட வைத்தார். பல்ப் கொஞ்சம் மினுங்கி, மங்கி, அணைந்தது. "இப்ப உள்ளுக்கு ஒண்டும் இல்ல, பயமில்ல" என்றார். நான் பெற்ற மகள் சொல்கிறாள், "உம்மாக்கும் இப்பிடி ஒரு பல்ப் இருந்தா எவ்வளவு நல்லம்." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதையும் வைத்திருக்கிறேன்.

பிறகு ஈயத்தை உருக்கி அந்த இரண்டையும் கழற்றினார். என் போர்வையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு ஓட்டையும் விழுந்தது. அந்த உருளை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு இருக்கும், அது எந்தப் பக்கம் நின்றதோ புதியதையும் அந்தப் பக்கம்தான் வைக்க வேண்டும், அதனால் கழற்ற முந்திப் படம் எடுத்து வையுங்கள் என்று போனுக்குள் இருக்கிற ஆள் சொல்ல வாய் திறக்கிற நேரம் பார்த்து மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா கோல் எடுத்தா. மகன் காலையில் என்ன தின்றார் என்று கேட்க. அவ வைத்த பிறகு மாப்பிள்ளை போன்காரனைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பேச்சு தப்பிவிட்டது.

வீங்கினது இரண்டையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். அங்கே நடந்ததை வந்து சிபானாவிடம் சொன்னார். குணம், "தம்பி, டிவியக் கொண்டு வாங்க, நான் போட்டுத் தாறன்" என்றாராம். "இல்லண்ணே, நானே போடுவன்." "மறுகா வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் நிண்டதெண்டு பாத்து வெச்சீங்களா? மாறிப் போட்டா வெடிக்கும்." மாப்பிள்ளை, "ஓம் ஓம், பாத்துத்தான் வெச்சிரிக்கன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆம்பிளைகள் கடைக்காரனுக்குச் சொல்கிற பொய்யை அல்லாஹ் தனிக் கொப்பியில் எழுதுவான் போலிருக்கிறது.

இது புதன்கிழமை பின்னேரம். புது உருளைகளைக் கையில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருக்கிறார், வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று தெரியாது. "சிபானா! சிபானா!" என்று கூப்பிடுகிறார். சிபானா பக்கத்து வீட்டு நதீராவிடம் கறிவேப்பிலை வாங்கப் போய்விட்டாள், அவள் கறிவேப்பிலைக்குப் போனால் கதை முடித்துத்தான் வருவாள். பிள்ளைகள் ஓதப் போய்விட்டார்கள். வீட்டில் மாப்பிள்ளை, நான், பூனை. எனக்கோ தெரியும்! பழசைக் கழற்றும்போது கண்ணாடிக்குள் நான் கண் வெட்டாமல் பார்த்தேன், வெள்ளைக் கோடு வலப்பக்கம், சோத்துக்கைப் பக்கம் நின்றது. நான் ஒன்றைப் பார்த்தால் பார்த்ததுதான், நாற்பது வருஷக் குடையை மறக்காதவள் நாலு மணித்தியாலக் கோட்டை மறப்பேனா? ஆனால் எப்படிச் சொல்வது? கதவடிக்கு வந்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பூனையைப் பார்த்துச் சொன்னேன், "பூனையே, வெள்ளைக் கோடு சோத்துக்கைப் பக்கம் நிண்டது."

 பிறகு மாப்பிள்ளையும் பூனையைப் பார்த்துக் கேட்டார், "பூனையே, மாமிக்கு நல்ல ஞாபகமா எண்டு கேளு."

"பூனையே, இந்த ஊர்ல என்ட ஞாபகத்தில பிழை கண்ட ஆள் ஒருத்தரும் இன்னும் பொறக்கல்லயெண்டு சொல்லு."

"ரெண்டும் சோத்துக்கைப் பக்கமா?"

"ரெண்டும்தான். பூனை, நீ ஏன் திருப்பித் திருப்பிக் கேக்காய்? நம்பிக்கை இல்லாட்டி பாண்டிருப்புக்குப் போ."

பூனை கொட்டாவி விட்டது. மாப்பிள்ளை ஈயத்தை உருக்கி இரண்டையும் நான் சொன்னபடியே பற்றவைத்தார். டிவியைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தார், முதுகு திறந்தபடி. பிஸ்மி சொல்லி வயரைக் கொழுவினார். சிவப்புப் பொட்டு எரிந்தது, சிமிட்டவில்லை. அவர் பின்னால் எட்டிப் பார்த்தார், முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அந்தச் சிரிப்பு முழுசாக வர முந்தி, அல்லாஹ்வே, பெருநாள் வெடியைக் காதுக்குள் வைத்துக் கொளுத்தின மாதிரி ஒரு சத்தம். புகை. முட்டை அழுகின மணம். உருளைக்குள் இருந்த கடதாசியும் பஞ்சும் வீடெல்லாம் பூ மாதிரிப் பறந்தது. பூனை ஒரே பாய்ச்சலில் அலுமாரிக்கு மேல் ஏறினது, இன்றைக்குக் காலையில்தான் மீனைக் காட்டி இறக்கினோம். புகைக்குள் மாப்பிள்ளை இருமிக்கொண்டு டிவியின் வயிற்றுக்குள் கை விடப் போகிறார். எனக்கு முந்தானை எங்கே போனது, கால் எப்படிப் போனது என்று தெரியாது. ஹோலுக்குள் பாய்ந்து சுவரில் கொழுவியிருந்த வயரை இழுத்து எறிந்துவிட்டுக் கத்தினேன், "மகன், தொடாதீங்க! கறண்ட உள்ளுக்கு வெச்சிரிக்கும்!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். கறண்ட் அடித்திருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் மாமியின் வாயிலிருந்து நேரே வந்த முதற் சொல். எனக்கும் வெட்கம், திரும்பி ஓடிவிட்டேன். அப்போதுதான் அவருடைய ஒரு புருவம் பாதி பொசுங்கியிருந்ததைக் கண்ணாடிக்குள் கண்டேன்.

சத்தம் கேட்டுச் சிபானா கறிவேப்பிலையோடு ஓடிவந்தாள். விசாரணை தொடங்கினது. "எந்தப் பக்கம் வெச்சீங்க?" "மாமி சொன்ன பக்கம்." "உம்மா, நீங்க எந்தப் பக்கம் சொன்னீங்க?" "சோத்துக்கைப் பக்கம். நான் என்ட கண்ணால பாத்தன்." "எங்க இருந்து பாத்தீங்க?" "எங்க இருந்து பாப்பன்? அலுமாரிக் கண்ணாடிக்குள்ளதான்." சிபானா கறிவேப்பிலையைக் கீழே வைத்தாள். என்னை அலுமாரிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, "சோத்துக்கையத் தூக்குங்க உம்மா" என்றாள். தூக்கினேன். கண்ணாடிக்குள் நின்ற கிழவி மற்றக் கையைத் தூக்கினாள். ஸுஹைறா, என் ஞாபகத்தில் ஒரு பிழையும் இல்லை, நான் கண்டதைக் கண்டபடிதான் சொன்னேன், பிழை கண்ணாடியில். அந்த அலுமாரியை அக்கரைப்பற்றுக் கடையில் இழுத்து இழுத்துப் பார்த்து, "கண்ணாடி வெச்சத எடுங்க ராத்தா, ரெண்டுக்கும் உதவும்" என்று பொறுக்கித் தந்தது யார்? நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே யோசி.

இதுவரைக்கும் சிரிப்பு. இனித்தான் கதை. இராச் சோற்றுக்கு மாப்பிள்ளை வரவில்லை. றால் பொரித்திருந்தேன், கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தேன், வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். இன்று காலையிலும் வெறும் தேத்தண்ணியோடு ஆலைக்குப் போனார். மாமி வீட்டில் மாப்பிள்ளை சோறு தின்னவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. வாசல் படலையடியில் வைத்துச் சிபானாவிடம் சொன்னாராம், "சாச்சி சொன்னது சரிதான். இந்தக் கை பேனைக்குத்தான் செஞ்சது." அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்த மனிசன் நான் சொன்ன பக்கம்தானே வைத்தார்? என்னை நம்பி வைத்தார். அவர் நினைத்திருந்தால் "உன்ட உம்மாவாலதான்" என்று வீடு அதிரக் கத்தியிருக்கலாம். ஒரு சொல் சொல்லவில்லை. பீங்கானில் கிடந்த ஆணியையெல்லாம் நீளம் நீளமாகப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கணக்குக்காரர்தானே.

இப்போது நீ சனிக்கிழமை வந்தால் என்ன காண்பாய்? திரை கறுத்த உன் டிவி. முதுகு திறந்தது. அரைப் புருவத்தோடு என் மருமகன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும், நீ ஹஜ்ஜுக்குப் போகிற ஆள், வாயை அடக்குவாய். ஆனால் அவருடைய விரலை ஒரு பார்வை பார்ப்பாய். அந்தப் பார்வை போதும், அந்த மனிசன் இன்னும் பத்து வருஷத்துக்குக் கையைச் சாரத்துக்குள்தான் வைத்திருப்பார்.

ஆகையால் நன்றாக யோசித்து இதை எழுதுகிறேன். நீ வரத் தேவையில்லை. இந்த வெயிலில் முழங்கால் நோவோடு பஸ் ஏறி அலைய வேண்டாம். உன்னை நான் மன்னித்துவிட்டேன். ஏணையை மன்னித்தேன். 'காணும்' என்றதை மன்னித்தேன். விரல் கதையை மன்னித்தேன், அதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன், ஆனாலும் மன்னித்தேன். குடையைத் துணியோடும் கம்பியோடும் பிடியோடும் மன்னித்தேன். எல்லாம் ஹலால். நீ கழுவின கோப்பை மாதிரிச் சுத்தமாக மக்காவுக்குப் போகலாம். கேட்காமலே தருகிறேன், ராத்தா கல்நெஞ்சுக்காரி என்று நீ ஊரில் சொன்னதையும் சேர்த்து.

கஃபாவைக் கண்டவுடன் கேட்கிற துஆ கபூலாகும், அல்லாஹ் தட்டமாட்டான் என்பார்கள். அதில் என் முழங்காலைச் சொல்லு, சிபானாவின் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லு, உம்மா வாப்பாவின் கபுறைச் சொல்லு, மாப்பிள்ளைக்குப் புருவம் முளைக்கச் சொல்லு. ஸம்ஸம் தண்ணீர் எனக்கு ஒரு போத்தல் போதும், உன் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. கூட்டத்தில் மச்சானின் கையை விடாதே, நீ சின்னதிலேயே சந்தையில் தொலைகிறவள். உங்கள் ஹஜ்ஜை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, போன காலோடு பத்திரமாகத் திரும்பி வரவைப்பானாக. மச்சானுக்கும் உன் மகள்மாருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் சலாம். என் தொண்டையைக் கேட்டுச் சிரிக்கிறவளுக்கும் சலாம்.

வஸ்ஸலாம்.
உன்னை மன்னித்த ராத்தா,
ஹாஜறா.

பி.கு. இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்துவிட்டது. கடிதத்தை ஒட்டிவிட்டேன், அக்கரைப்பற்றுக்குப் போகிற ஓட்டோக்கார சப்ரியிடம் கொடுக்க வைத்திருந்தேன், இப்போது ஒட்டைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று மஃரிபுக்குப் பிறகு மாப்பிள்ளை ஆலையால் வந்தபோது சாரத்தின் மடியில் இன்னும் இரண்டு உருளை. குணத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம், குணம் தன் இல்லாத புருவத்தைக் காட்டி, "எனக்கு ரெண்டும் போச்சு, தம்பி. உங்களுக்குப் பாதிதானே, கெட்டிக்காரன்" என்றாராம். இன்று காலை நான் முந்தானையை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஹோலுக்கே போனேன். "சிபானா, மாப்பிளைக்குச் சொல்லு..." என்று தொடங்க, அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "மாமி, இரிங்க, நேரே சொல்லுங்க. பூனை இனி நமக்கிடையில வராதாம்" என்றார். நான் இருந்தேன். "அப்ப இடக்கைப் பக்கம் வைங்க மகன்" என்றேன். அவர் தயங்கினார், நியாயம்தான். அந்த நேரம் சிபானா பழைய பல்லுப் பிரஷால் பச்சைத் தகட்டின் தூசியைத் தட்டினாள். தூசிக்கு அடியில் ஒவ்வொரு துவாரத்தடியிலும் ஒரு வட்டம் கீறி, அதில் பாதியை அரைப்பிறை மாதிரி வெள்ளையாக அடித்திருக்கிறது. வெள்ளைக் கோடு நிற்க வேண்டிய பக்கம் அதுவாம். இடக்கைப் பக்கம்! நான் ஞாபகத்தில் தூக்கிச் சுமந்தது முழுக்க அங்கேயே எழுதிக் கிடந்திருக்கிறது, ஒருவரும் தூசியைத் தட்டிப் பார்க்கவில்லை.

வயரைக் கொழுவும்போது நாங்கள் எல்லாரும் குசினிக்குள் நின்றோம், மாப்பிள்ளையும்தான், அங்கேயிருந்து கொழுவ ஒரு நீட்டு வயர். வெடிக்கவில்லை. டக் என்றது, ஒரே ஒரு டக், படம் வந்துவிட்டது! கொஞ்சம் பச்சை அடிக்கிறது, பரவாயில்லை. பீங்கானில் சில ஆணி மிச்சம், எங்கே போக வேண்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளை பகல் மூன்று கோப்பைச் சோறு தின்றார், இப்போது வீட்டில் வேறு எது பழுது என்று தேடித் திரிகிறார், பிரிட்ஜைப் பார்க்கிற பார்வை சரியில்லை. நான் கதிரையில் இருந்து முதன்முதலாக டிவியை நேரே பார்த்தேன். செய்தி வாசிக்கிற பிள்ளையின் மச்சம் மற்றக் கன்னத்தில் இருக்கிறது.

ஆகையால் மேலே எழுதின மன்னிப்பு எதுவும் செல்லாது. இவ்வளவும் எழுதினதைக் கிழிக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன், அதை வைத்துக்கொண்டு பிளேன் ஏறிவிடாதே. சனிக்கிழமை கட்டாயம் வா. பகல் சோறு இங்கேதான், உனக்குப் பிடித்த சுறாப் புட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். வந்தவுடன் மாப்பிள்ளையின் விரலைப் பார், பிறகு டிவியைப் பார், பிறகு என் முன்னால் இருந்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேள், நான் யோசிக்கிறேன். மழைக்காலம் இல்லை என்று எனக்கும் தெரியும். குடையோடு வா.